நாலாவது வரி

மோன்தெர்க்கி
1998 அக்டோபர் 11

அன்புள்ள ஓர்னெல்லா சித்திக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், ரொட்டிக் கடை அடுப்பு எல்லோரும் நலம். அங்கே நீங்களும் டாரியோ சித்தப்பாவும் உங்கள் தையல் இயந்திரமும் எப்படி இருக்கிறீர்கள்? த்ரியெஸ்தேயில் காற்று தொடங்கிவிட்டதா? பலமாக அடிக்கும் நாட்களில் தெருவோரம் கயிறு கட்டி, ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள் என்று புவியியல் புத்தகத்தில் படித்தேன். உண்மையா, புத்தகம் மிகைப்படுத்துகிறதா?

ஒரு பெரிய செய்தி. மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்க் கர்ப்பிணி மாதா ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழக்கமான வழிகாட்டிகள் விளக்கம் சொல்லப்போவதில்லை. எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் சொல்லப்போகிறோம். அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி! பெர்த்தினி சார் பெயரை வாசித்ததும் டூலியோ பின்னாலிருந்து, "போச்சு. இவ ஆரம்பிச்சா வந்தவங்க ராத்திரி அங்கயே படுக்கணும்" என்றான். நான் கண்டுகொள்ளவில்லை.

நீங்கள் வர வேண்டும், சித்தி. ஊருக்கு வரும்போதெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறீர்கள், பாலத்துக்குப் போகிறீர்கள், மீன்காரரிடம்கூடப் போய் அரை மணி நேரம் சண்டை போடுகிறீர்கள். ஓவியம் இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் போவதில்லை. அது நீங்களும் அம்மாவும் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடம்தானே? ஏன் என்று அம்மாவைக் கேட்டால் மாவு பிசையத் தொடங்கிவிடுகிறாள்.

இன்னொரு சந்தேகம். மாதாவின் நீல உடை முன்பக்கம் திறந்திருக்கிறதே, அது கிழிந்ததா? புத்தகங்கள் பரலோக வாசல் என்று என்னென்னவோ சொல்கின்றன. நாடக மேடைக்கு உடை தைக்கிறவர் நீங்கள். உங்கள் வார்த்தையைத்தான் நம்புவேன்.

அன்புடன்,
ஜினேவ்ரா


த்ரியெஸ்தே
நவம்பர் 1

ஜினேவ்ரா கண்ணு,

நாங்கள் நலம். கயிறு உண்மைதான். போன வாரம் டாரியோவின் தொப்பி கடலுக்குப் போய்விட்டது. பதினைந்து வருடப் பழைய தொப்பி, அதற்குத் துக்கம் விசாரிக்க இரண்டு பேர் வேறு வந்தார்கள்.

நீ தேர்ந்தெடுக்கப்பட்டது எனக்கு ஆச்சரியமே இல்லை. நாலு வயதில் கடைக்கு வருகிறவர்களிடம் எந்த ரொட்டி எப்போது வெந்தது என்று விளக்கம் சொன்னவள் நீ.

உடை கிழியவில்லை. முன்பக்கத் தையலைப் பிரித்து விட்டிருக்கிறார்கள். பக்கவாட்டிலும் பார், அங்கேயும் பிரிந்திருக்கும். நல்ல துணியில் தைத்த உடையை ஒன்பது மாதத்துக்காக யாரும் வெட்டமாட்டார்கள். வயிறு வளர வளரத் தையலைப் பிரிப்பார்கள், உள்ளே வெள்ளை உள்ளாடை தெரியும், பிள்ளை பிறந்தபின் மறுபடி சேர்த்துத் தைத்துவிடுவார்கள். உன் ஓவியர் பரலோக வாசலை நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. தையல் தெரிந்த ஒரு பெண்ணை அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார், அது மட்டும் நிச்சயம்.

மார்ச்சில் மேடையில் புது நாடகம், வேலை தலைக்கு மேல் இருக்கும். என்னை எதிர்பார்க்காதே. அந்தப் படத்துக்கும் எனக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான். அம்மாவிடம் அதைப் பற்றித் துருவாதே.

முத்தங்களுடன்,
உன் சித்தி


மோன்தெர்க்கி
நவம்பர் 15

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் தும்மல். மாவில் தும்மக்கூடாது என்று அம்மா அவரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் சைக்கிளில் ஓடினேன். பக்கவாட்டுத் தையல்! எத்தனை முறை பார்த்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. டிக்கெட் ஜன்னலில் இருக்கும் நெரினா அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "ஆமாடி! அஞ்சு வருஷமா இங்க உக்காந்திருக்கேன், நான் பாத்ததே இல்ல. என் பாவாடையும் இப்படித்தான் பிரியுது, ஆனா அது பாஸ்தாவால" என்றார்.

இனி வருவதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நீங்கள் துருவாதே என்றீர்கள். கடிதம் வருவதற்கு முதல் நாளே நான் துருவிவிட்டேன். ஓவியம் பழைய சிற்றாலயத்தில் இருந்த காலத்தில் நீங்கள் இரண்டு தடவை அதன் முன் மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள் என்று அம்மா சொன்னாள். "எல்லாரும்தான் போவாங்க, நம்ம ஊர்ல வயித்துல பிள்ளை இருந்தா அங்கதான் போவாங்க. உங்க சித்தி ரெண்டு தடவையும் போனா. ரெண்டு தடவையும் பிள்ளை தங்கல. அதுக்கப்புறம் அந்தப் படத்த அவ பாக்கல. போதுமா? இப்ப தட்டைத் தொடை" என்றாள். தட்டு ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது.

என்னை மன்னித்துவிடுங்கள். மறுபடி உங்களைக் கூப்பிட மாட்டேன். ஆனால் ஒரு குழுவுக்கு இருபத்தைந்து பேர் என்பது கணக்கு. என் குழுவில் இருபத்து நான்கு பேருக்கு மேல் எழுதவேண்டாம் என்று பெர்த்தினி சாரிடம் சொல்லிவிட்டேன். அது கூப்பிடுவது ஆகாது. ஓர் இடம் காலியாக இருக்கும், அவ்வளவே.

என்றும் உங்கள்,
ஜினேவ்ரா


மோன்தெர்க்கி
டிசம்பர் 20

அன்புள்ள சித்திக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். அப்பாவின் தும்மல் போய்விட்டது. நீங்கள் சுகமா?

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரரிடம் கேட்டேன். "பாப்பா, நான் கடிதத்தைத் தின்ன மாட்டேன், சத்தியமா" என்றார். அப்படியானால் கோபம் என் மேல்தான். நியாயமான கோபம். போன கடிதத்தில் தட்டு துடைத்ததையெல்லாம் நான் எழுதியிருக்க வேண்டாம்.

என் விளக்க உரையின் முதல் பிரதியை வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம், அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மா அத்திப்பழ ரொட்டி அனுப்பியிருக்கிறாள். அதை அடுப்பில் போடாதீர்கள்.

வருத்தத்துடன்,
ஜினேவ்ரா


த்ரியெஸ்தே
1999 ஜனவரி 6

ஜினேவ்ரா,

உன் சித்தப்பா எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

சித்திக்கு உன்மேல் கோபம் இல்லை. அவளுக்கு முதுகு வலி. மருத்துவர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். மாடிப்படி ஏறக்கூடாது, தையல் இயந்திரம் மிதிக்கக்கூடாது. சாய்ந்து உட்காரலாம் என்றதும் முதலில் கேட்டது உன் உரையைத்தான். பென்சிலால் திருத்தியிருக்கிறாள், இதனுடன் வருகிறது. நானும் படித்தேன். நன்றாக இருக்கிறது, நீளம்.

ரொட்டி ஒரே நாளில் தீர்ந்தது. நான் ஒரு துண்டுதான் தின்றேன்.

டாரியோ


மோன்தெர்க்கி
ஜனவரி 17

அன்புள்ள சித்திக்கு,

கோபம் இல்லை என்று தெரிந்ததும் நான் கடையில் இரண்டு பேருக்கு மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்துவிட்டேன். முதுகு வலிக்கு நூலகத்தில் ஒரு முழுப் புத்தகமே இருக்கிறது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டுமாம், மென்மையான மெத்தை கூடாதாம், குனிந்து எதையும் தூக்கக் கூடாதாம். குளிர்ந்த நீரில் நீந்துவது மிக நல்லது என்றும் போட்டிருக்கிறது. நீங்கள் கடலோரத்தில்தானே இருக்கிறீர்கள்? அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நீந்தறதா! அதெல்லாம் எழுதாத" என்று கத்தினாள். ஏன் கத்தினாள் என்று தெரியவில்லை. நான் எழுதிவிட்டேன், ஆனால் நீந்தாதீர்கள்.

உங்கள் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன், 'கலாச்சாரப் பாரம்பரியம்' என்று மூன்று இடங்களில் எழுதியதை அடித்தது உட்பட.

இப்போது சிக்கல் கடைசி வரியில்தான். மாதாவின் முகத்தில் இருப்பது என்ன? இருபுறமும் இரண்டு தேவதைகள் திரையை விலக்கிப் பிடித்திருக்க, அவள் கண்கள் தாழ்ந்திருக்கின்றன. சந்தோஷமா, பயமா? வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை. சோகம் என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். டூலியோ எழுந்து, "சார், எங்க அக்கா மாசமா இருந்தப்ப இதே மூஞ்சிதான். அவளுக்குத் தூக்கம் வருது சார். தேவதைங்க ரெண்டும் திரைய தொறந்து எழுப்பி விட்டுடுச்சுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரித்துவிட்டு, "அழுதவ சொல்றதவிட இது மோசமில்ல. நீ என்ன சொல்ற?" என்று என்னைப் பார்த்தார். நான் இன்னும் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகமும் உறுதியாகச் சொல்லவில்லை.

நலம் பெற வேண்டும் எனும்
ஜினேவ்ரா


த்ரியெஸ்தே
பிப்ரவரி 9

கண்ணு,

இப்போது எழுந்து நடமாடுகிறேன். முதுகு பரவாயில்லை. கடலில் குதிக்கவில்லை, கவலைப்படாதே. வேலைக்குக் கோடை முடியும்வரை வேறொரு பெண்ணை வைத்துவிட்டார்கள். பொத்தான்களை நிறவாரியாக அடுக்கத் தெரியாதவள், என் பெட்டிகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. வீட்டில் சும்மா இருப்பதால் என் பழைய உடைகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டூலியோ பையன் சொன்னது தப்பில்லை. ஆனால் முழுதும் சரியும் இல்லை. முகத்தை விடு, கையைப் பார். தையல் பிரிந்த இடத்தில் கை தானாகப் போய் நிற்கும். அவள் வைக்கவில்லை, அது போய்விடும். வேறொன்றில் கவனமாக இருக்கும்போதும் போய்விடும். உள்ளே இருப்பது இருக்கிறதா என்று ஒவ்வொரு நிமிடமும் கேட்கிற கை அது. பதில் வருகிற நிமிடம் சந்தோஷம், வராத நிமிடம் பயம். இரண்டும் ஒரே முகம்தான்.

ஆனால் இதை உரையில் சேர்க்காதே. கடைசி வரியே வேண்டாம். பேசி முடித்ததும் ஒரு நிமிடம் சும்மா நில். உன்னால் முடியுமா என்பது வேறு விஷயம்.

முத்தங்கள்.
சித்தி

பி.கு: உன் குழு எத்தனை மணிக்கு?


மோன்தெர்க்கி
பிப்ரவரி 20

அன்புள்ள சித்திக்கு,

நலம். நலம். நலம். பதினொன்றரை மணிக்கு.

கூப்பிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே கூப்பிடவில்லை. காலை பத்து மணிக்குமேல் சதுக்கத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பது பொதுவான தகவல்.

உரை முழுதும் மனப்பாடம். ஓவியத்தைத் தீட்ட ஏழு வேலைநாட்கள், இரண்டு தேவதைகளுக்கும் ஒரே மாதிரி வரைபடத்தைத் திருப்பிப் போட்டது, எல்லாம். டிக்கெட் ஜன்னலில் இருக்கும் பலகைகூட மனப்பாடம். 'இலவச அனுமதி: பதினான்கு வயதுக்கு உட்பட்டோர். ஊர்ப் பதிவேட்டில் உள்ளோர். மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள். கருவுற்ற பெண்கள்.' வேறு யாருக்கும் இல்லை. டூலியோ தன் பெரியப்பாவுக்காக நெரினா அக்காவிடம் கெஞ்சினான், அரேட்சோவிலிருந்து வருகிறாராம். சொந்தக்காரர்களுக்குச் சலுகை கேட்பது வெட்கக்கேடு என்று வகுப்பு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டேன். "நீ பெரிய நீதிபதி" என்று மூன்று நாள் பேசவில்லை.

அன்புடன்,
ஜினேவ்ரா


மோன்தெர்க்கி
மார்ச் 22

அன்புள்ள சித்திக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வழி நெடுக ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி வந்தோம் என்று சித்தப்பா சொன்னார். முதுகு எப்படி இருக்கிறது?

நீங்கள் வந்தீர்கள். இதை ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கடைசி வரிசையில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு இரண்டாவது வாக்கியம் மறந்துபோனது. மூன்றாவதிலிருந்து தொடங்கினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, பெர்த்தினி சார் தவிர.

நீங்கள் முதலில் ஓவியத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தீர்கள், கரும்பலகை இருந்த இடத்தை. தரையைப் பார்த்தீர்கள். நான் பக்கவாட்டுத் தையலைச் சொன்னபோதுதான் தலையை நிமிர்த்தினீர்கள். பிறகு நீங்கள் சொன்னபடி சும்மா நின்றேன், முழு ஒரு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அது சும்மா நிற்பது ஆகுமா தெரியவில்லை. ஒருவரும் இருமவில்லை. நீங்கள் அசையவே இல்லை. அழுகிறீர்களோ என்று பயந்தேன், ஆனால் அது அழுகை முகம் இல்லை. என்ன முகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவசரமாகப் போய்விட்டீர்கள். கடையில் பத்தே நிமிடம், அதுவும் கோட்டைக் கழற்றாமல். அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு உங்களுக்கு மட்டும் பால் கொடுத்தாள். இவ்வளவு தூரம் வந்தவருக்குப் பாலா என்று எனக்கு அவமானமாக இருந்தது.

இப்போது ஒரு கடினமான விஷயம். சாயங்காலம் நெரினா அக்காவுக்கு டிக்கெட் அடிக்கட்டைகளை அடுக்க உதவினேன். என் குழுவில் ஒரு பெரியவருக்கு இலவச டிக்கெட் கிழித்திருந்தது. யாருக்கு என்று கேட்டேன். "உங்க சித்திக்குதான்" என்றார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. டூலியோவை நான் என்னென்ன சொன்னேன்! என் பணத்தை எடுத்து ஜன்னலில் வைத்தேன். "எடுத்துட்டுப் போடி" என்றார். "சொந்தக்காரங்கன்னு சலுகை கூடாதுக்கா" என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "அடியே புத்தகப்புழு, பலகைய மனப்பாடம் பண்ணியே, அத ஒரு தடவ படிச்சியா?" என்றார்.

அவர் கேலி செய்ததால் முறையாகவே எழுதிவிடுகிறேன், பிறகு நீங்களே பணத்தை அனுப்புவதா என்று முடிவு செய்யுங்கள். முதல் வரி: உங்களுக்குப் பதினான்கு வயது இல்லை. இரண்டாவது வரி: நீங்கள் இங்கே பிறந்தாலும் இப்போது த்ரியெஸ்தே பதிவேட்டில்தான் இருக்கிறீர்கள். மூன்றாவது: ஆசிரியர் அல்ல. நாலாவது வரி உங்களுக்குப் பொருந்தாது, அதை எழுதவே எனக்குச் சங்கடமாக

சித்தி.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இப்போது ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் எல்லாக் கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கை எங்கே இருந்தது என்று இப்போது ஞாபகம் வருகிறது. காரில் வந்த களைப்பில் வயிற்றைப் பிரட்டுகிறது போல என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள், பிப்ரவரி ஒன்பதாம் தேதி நீங்கள் கிட்டத்தட்ட சொல்லியே இருக்கிறீர்கள்.

கீழே போய் அம்மாவைப் பார்த்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "ஏம்மா சித்திக்கு நேத்து பால் குடுத்த?" என்று கேட்டேன். "அவளா எதுவும் சொல்லல. அதனால நானும் எதுவும் கேக்கல. நீயும் கேக்காத" என்றாள். ஆனால் பாடிக்கொண்டே பிசைந்தாள்.

ஆகவே நான் எதுவும் கேட்கவில்லை. நெரினா அக்காவுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். தயவுசெய்து மாடிப்படி ஏறாதீர்கள்.

உங்கள்
ஜினேவ்ரா


த்ரியெஸ்தே
ஏப்ரல் 3

என் கண்ணு,

முதுகு சுகம். நானும் சுகம்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அன்றைக்குக் காசைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். மருத்துவரையும் டாரியோவையும் தவிர யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம். முன்னே இரண்டு தடவையும் ஊருக்கெல்லாம் சொல்லித்தானே கொண்டாடினோம். காசை நீட்டினேன். நெரினா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "முழு டிக்கெட்டா, இலவசமா?" என்றாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, "நாலாவது வரி" என்றேன்.

வாய் திறந்து அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. சின்ன வயதில் நானும் உன் அம்மாவும் பள்ளிக்குத் தாமதமாக வந்தால் ஆசிரியை மன்னிப்புச் சீட்டு வாங்கிக்கொண்ட அதே ஜன்னல். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உன் குரல் கேட்டது, முதல் வாக்கியத்தில். உள்ளே வந்தேன்.

அன்று நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். பக்கவாட்டுத் தையல் நான் நினைத்திருந்ததைவிட நேர்த்தி.

ஜூலை வரை வேறு எதுவும் எழுத மாட்டேன். நீ எழுது, நீளமாகவே.

சித்தி


த்ரியெஸ்தே
ஜூலை 14

ஜினேவ்ராவுக்கு,

நாங்கள் மூவரும் நலம்.

ஒன்பதாம் தேதி காலை பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு. கத்துகிறாள், தூங்குகிறாள், மறுபடி கத்துகிறாள். டாரியோ புதுத் தொப்பி வாங்கி மருத்துவமனையிலேயே மறந்துவிட்டு வந்தார். பெயர் அக்னேசே. உன் அம்மா தொலைபேசியில் முதலில், "பால் நல்லா குடிக்கிறாளா?" என்று கேட்டாள்.

இப்போது மடியில் அவள், முழங்காலில் தாள், எழுத்து கோணினால் அவள்மேல் பழி. பிரித்துவிட்ட உடைகளையெல்லாம் திரும்பத் தைக்க வேண்டும். அவசரமில்லை.

செப்டம்பரில் சோளமாவுக் களித் திருவிழாவுக்கு வருகிறோம். உன் மாதாவை அக்னேசேவுக்குக் காட்ட வேண்டும். நீயே விளக்கம் சொல்ல வேண்டும், இரண்டாவது வாக்கியத்தை விடாமல். நெரினாவிடம் முன்னதாகவே சொல்லி வை. அக்னேசே முதல் வரியில் வருவாள்.

நான் எந்த வரியிலும் வரமாட்டேன். எனக்கு முழு டிக்கெட்.

உன் ஓர்னெல்லா சித்தி